பாரி ஷீன்: எலும்பை முதலாகப் போட்ட ஒரு தொழில்

வெம்ப்ளியில் ஈலிங் ரோட்டுக் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு நார்த் சர்க்குலர் சாலை வழியாக வீடு திரும்பும் நம்மவர்கள் பலர், ஸ்டோன்பிரிட்ஜ் பக்கம் ஓர் உணவகத்தின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் ஏஸ் கஃபே. 1938இல் தொடங்கி, உலகப்போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949இல் திரும்பக் கட்டப்பட்டு, 1969இல் மூடி, 2001இல் மறுபடி முழுமையாகத் திறந்த இடம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லண்டன் இளைஞர்கள் அங்கே கூடி, பாட்டுப்பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, பாட்டு முடிவதற்குள் சாலையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பப் பந்தயம் கட்டுவார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மையோ, செத்துப்போன பையன்கள் உண்மை.

அங்கே தலை நரைத்து, தோல் சட்டை போட்டு, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது 'பாரி ஷீன்' என்று ஒரு பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் பேச வேண்டியிருக்காது. ஷீன் ஏஸ் கஃபே தலைமுறைக்குச் சற்றுப் பிந்தியவர். அந்தப் பையன்கள் சும்மா, வீம்புக்குச் செய்ததை அவர் தொழிலாகச் செய்தார். அதில் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனார். உடம்பில் உடையாத எலும்பு குறைவு என்னும்படி உடைத்துக்கொண்டார். பத்திரிகைகள் அவரை அஞ்சா நெஞ்சன் என்றன. எனக்கு அவரிடம் வியப்பாகப் படுவது வேறொன்று. எந்த இடத்தில் ஓட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அதை யாரிடம், எந்த விலைக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தொழிலில் அது வேகத்தைவிட அபூர்வமான சரக்கு.

முதலில் தொழில் எது என்று பார்த்துவிடலாம். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மண்ணில் ஓட்டுவது ஒரு வகை, தார்த் தரையில் ஓட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் சாலைப் பந்தயம் என்கிறார்கள். அதற்குள்ளும் இரண்டு கிளை. ஒன்று, பந்தயத்துக்கென்றே கட்டிய ஓடுதளம். மற்றது, மக்கள் புழங்கும் ஊர்ச் சாலைகளை ஒரு நாள் அடைத்துவிட்டு ஓட்டுவது. ஓடுதளத்தில் விழுந்தால் பெரும்பாலும் புல்லிலோ சரளைக் கல்லிலோ உருண்டுபோய் நிற்கலாம். ஊர்ச் சாலையில் விழுந்தால் மதில், விளக்குக் கம்பம், வீட்டு வாசல்படி. 1949இல் தொடங்கிய உலகச் சாம்பியன் போட்டி நெடுங்காலம் இந்த இரண்டையும் கலந்தே நடந்தது. என்ஜினின் அளவைப் பொறுத்து 50, 125, 250, 350, 500 சிசி என்று வகுப்புகள் இருந்தன. 500தான் ராஜ வகுப்பு. இன்று அதன் வாரிசுக்கு மோட்டோஜிபி என்று பெயர்.

ஷீன் பிறந்தது 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, நடு லண்டனில். வளர்ந்தது ஹோபர்ன் பகுதியில், குவீன் ஸ்கொயர் என்ற சதுக்கத்தில். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் கூட நடந்தால் அந்தச் சதுக்கத்தை எட்டிவிடலாம். சுற்றிலும் மருத்துவமனைகள். அப்பா ஃபிராங்க் ஷீனுக்கு ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நிறுவனத்தில் கட்டட இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதையொட்டியே குடியிருப்பு. பிற்காலத்தில் எலும்பு வைத்தியர்களுக்கு இவ்வளவு வேலை கொடுக்கப்போகிற பையன் அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் நிழலில் வளர்ந்திருக்கிறான். விதிக்கு இப்படி ஒரு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

ஃபிராங்க் ஒரு காலத்தில் தாமே பந்தயம் ஓட்டியவர். ஓட்டியதைவிட என்ஜினுக்குச் சுருதி கூட்டுவதில்தான் அவருக்குப் பெயர். சுருதி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இரட்டை வீச்சு என்ஜினில் புகைபோகும் குழாயின் நீளமும் வளைவும் அகலமும் மாறினால் சக்தி மாறும், சத்தமும் மாறும். கை தேர்ந்த மெக்கானிக் காதாலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். ஸ்பெயினில் புல்டாக்கோ வண்டிகளைத் தயாரித்த பிரான்சிஸ்கோ புல்ட்டோ ஃபிராங்குக்கு நண்பர். அதனால் அந்த வீட்டுப் பட்டறைக்கு நல்ல பந்தய வண்டிகள் வந்து போயின. மகனுக்கு ஆஸ்த்துமாவும் எக்ஸிமா என்னும் தோல் நோயும். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு, பொருள்களை வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தான். நம் வீடுகளில் என்றால் 'உருப்படாதது' என்ற பட்டம் அப்போதே கிடைத்திருக்கும்.

1968இல், பதினேழு வயதில், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் அப்பாவின் புல்டாக்கோவில் முதல் பந்தயம். என்ஜின் இறுகிப்போய் வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. எழுந்து வந்து அடுத்த வண்டியில் ஏறிப் பந்தயத்தை முடித்தான். அதே வருடம் அதே இடத்தில் வெற்றிகளும் வந்தன.

என்ஜின் இறுகுவது என்றால் என்ன என்று இங்கே சொல்ல வேண்டும். எண்பதுகளின் பின்பாதியில் தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்தவர்களுக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் சத்தமும், அதன் பின்னால் வரும் எண்ணெய்ப் புகை வாசமும் நினைவிருக்கும். ஓசூரிலிருந்து வந்த இன்ட்-சுசுகியும் அதே இனம். அவை இரட்டை வீச்சு வண்டிகள். வழக்கமான என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஒரு முறை வெடிப்பு. இரட்டை வீச்சில் ஒரு ஏற்றம், ஓர் இறக்கத்துக்கு ஒரு வெடிப்பு. அதே அளவு என்ஜினிலிருந்து அதிகச் சக்தி கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் பெட்ரோலோடு கலந்துவரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. பந்தயத்துக்காகக் கலவையை மெலிதாக்கினால் சூடு ஏறும், பிஸ்டன் வீங்கி சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணமே பின்சக்கரம் நின்றுவிடும், ஓட்டுபவன் முன்னால் பறப்பான். அதனால்தான் அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் எப்போதும் கிளட்ச் பிடியின் மேல் விரல் வைத்தபடியே ஓட்டினார்கள். என்ஜினின் சத்தத்தில் லேசான மாற்றம் கேட்டதும் பிடியை இழுக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

1970இல் ஷீன் பிரிட்டிஷ் 125 சிசி சாம்பியன். பிறகு சுசுகி தொழிற்சாலை அணி ஒரு காலத்தில் ஓட்டிய பழைய 125 வண்டியை, கடனும் உடனுமாக விலைக்கு வாங்கிக்கொண்டு 1971இல் உலகச் சுற்றுக்குக் கிளம்பினார். தொழிற்சாலை ஆதரவு இல்லாமல் சொந்தக் காசில் ஓட்டுபவரின் வாழ்க்கை அன்று எப்படி இருந்தது? ஒரு வேன். அதற்குள் வண்டி, உதிரி பாகங்கள், படுக்கை, சமையல் அடுப்பு. ஒரு ஞாயிறு பெல்ஜியம், அடுத்த ஞாயிறு கிழக்கு ஜெர்மனி. இடையில் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு போய் ஏதோ ஒரு வயல்வெளியில் நிறுத்தி, என்ஜினைப் பிரித்து மாட்ட வேண்டும். பரிசுப் பணம் சொற்பம். பந்தயம் நடத்துபவர் 'வந்து ஓட்டுவதற்கு' என்று கொடுக்கும் வருகைப் பணத்தில்தான் பிழைப்பு. அதை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். பெயர் இருந்தால் கூடும், இல்லாவிட்டால் பெட்ரோலுக்கும் போதாது. நாடகக் கொட்டகை போட்டு ஊர் ஊராகப் போன நம் பழைய கம்பெனி நடிகர்களின் கதைதான்.

அந்த வருடம் 125 வகுப்பில் மூன்று பந்தயங்களில் வென்று, ஸ்பெயினின் ஆங்கெல் நியேட்டோவுடன் கடைசிப் பந்தயம்வரை மல்லுக்கு நின்று, 87க்கு 79 என்று தோற்று இரண்டாமிடம் பெற்றார். முதல் உலகச் சுற்றிலேயே இருபது வயதுப் பையன் அந்த அளவுக்குப் போனது சாதாரணமல்ல. ஆனால் 1971இல் நடந்த இன்னொரு சிறு சம்பவம்தான் அவர் தொழில்வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

ஐரிஷ் கடலில் மேன் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1907 முதல் டி.டி. என்னும் பந்தயம் நடக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ரசிகர்களுக்கு அது தீர்த்த யாத்திரை. ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கிராமத் தெருக்கள், கல் மதில்கள், பாலங்கள், பிறகு மூடுபனி இறங்கும் மலைச் சாலை. எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. சில விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பிக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். அந்த மலைச் சுற்றில் இதுவரை இறந்த ஓட்டக்காரர்களின் எண்ணிக்கை 250க்கும் மேல். 1971இல் அது உலகச் சாம்பியன் போட்டியின் பிரிட்டிஷ் பந்தயமாகவும் இருந்தது. புள்ளி வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும். ஷீன் போனார். 125 பந்தயத்தில் குவார்ட்டர் பிரிட்ஜ் என்ற வளைவில் விழுந்தார். பெரிய அடி இல்லை. அதற்குப் பிறகு பந்தயம் ஓட்ட அவர் அந்தத் தீவுக்குப் போகவே இல்லை.

போகாததோடு விடவில்லை, ஏன் போகவில்லை என்று சொல்லிக்கொண்டும் இருந்தார். கடிகாரத்தோடு தனியாக ஓடுவது தனக்குப் பந்தயமாகத் தோன்றவில்லை, விரும்புகிறவன் ஓட்டட்டும், ஆனால் உலகச் சாம்பியன் ஆவதற்கு அதை ஒரு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். மரபில் ஊறியவர்கள் இதைப் பொறுப்பார்களா? கோழை என்றார்கள், ஒரு தடவை விழுந்ததும் ஓடிப்போனவன் என்றார்கள். 1972இல் இத்தாலியர் கில்பெர்ட்டோ பார்லோட்டி அங்கே மழையில் இறந்தபோது, அந்தக் காலத்தின் மாபெரும் ஓட்டக்காரரான ஜியாகோமோ அகஸ்தீனியும் இனி வரமாட்டேன் என்று அறிவித்தார். 1976க்குப் பிறகு மேன் தீவுப் பந்தயம் உலகச் சாம்பியன் தகுதியை இழந்தது. 1977 முதல் பிரிட்டிஷ் பந்தயம் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்துக்கு வந்தது. டி.டி. அழியவில்லை. இன்றும் நடக்கிறது, மனமுவந்து போகிறவர்களோடு. ஷீன் கேட்டதும் அதைத்தானே!

கோழை என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது 1975 மார்ச் மாதம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டேட்டோனா ஓடுதளம் கார்ப் பந்தயத்துக்காகக் கட்டியது. அதன் வளைவுகள் கிண்ணத்தின் உட்புறம்போல 31 டிகிரி சரிந்திருக்கும். அந்தச் சரிவில் முழு வேகத்தில் போகும்போது வண்டியின் எடை பலமடங்காகி டயரை அழுத்தும், டயர் சூடேறும். அப்போது 750 சிசி சுசுகிகளின் சக்தி டயர் செய்பவர்களின் அறிவைத் தாண்டி வளர்ந்திருந்தது. பயிற்சியில் ஷீன் மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின் டயர் பிய்ந்தது. இடது தொடை எலும்பு, வலது கை, கழுத்துப்பட்டை எலும்பு, விலா எலும்புகள் எல்லாம் போயின. முதுகுத் தோல் தரையோடு போயிற்று. தொடைக்குள் நீண்ட உலோகக் கம்பி ஒன்றைச் செருகினார்கள். ஏழு வாரத்தில் மறுபடி பந்தயத்தில் இருந்தார்.

லண்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க அங்கே வந்திருந்தது. விபத்தும் மருத்துவமனைக் கட்டிலும் பிரிட்டிஷ் வீடுகளின் முன்னறைக்கு வந்துசேர்ந்தன. மோட்டார் சைக்கிள் என்றாலே முகம் சுளிக்கும் தாய்மார்களுக்கும், கட்டுப் போட்ட கையோடு சிரிக்கும், லண்டன் கொச்சை பேசும் அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று. அவரைப் புகழ் பெறச் செய்தது வெற்றியல்ல, ஒரு தோல்வி. அதுவும் டயரின் தோல்வி. ஷீன் இதை உடனே புரிந்துகொண்டார். தலைக்கவசத்தில் டொனால்ட் டக் படம். வண்டியில் 7 என்ற எண். சாம்பியன் ஆனவர் அடுத்த வருடம் 1 என்ற எண்ணைப் போட்டுக்கொள்வது வழக்கம். அவர் மறுத்து 7ஐயே வைத்துக்கொண்டார். இன்று ஒவ்வொரு ஓட்டக்காரனும் தன் எண்ணை வணிகச் சின்னமாக்குகிறான். அதைப் பரவலாக்கியவர் அவர். குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பரோடு புரூட் வாசனைத் திரவிய விளம்பரத்தில் நடித்தார். முகத்தை மூடும் தலைக்கவசத்தின் தாடைப் பகுதியில் ஓட்டை போட்டு, பந்தயம் தொடங்கும் நிமிடம்வரை சிகரெட் பிடித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை, உண்மையும்கூட. சிகரெட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

டேட்டோனா நடந்து மூன்றே மாதத்தில், நெதர்லாந்தின் அஸென் ஓடுதளத்தில் அகஸ்தீனியை மயிரிழையில் முந்தி 500 வகுப்பில் முதல் வெற்றி பெற்றார். அடுத்த இரண்டு வருடங்கள் அவருடையவை. சுசுகியின் ஆர்.ஜி. 500 வண்டி அப்போது பக்குவப்பட்டிருந்தது. இரட்டை வீச்சில் நான்கு சிலிண்டர்கள், கட்டில் கால்கள்போலச் சதுரமாக நிற்கும். 1958 முதல் 1974 வரை பதினேழு வருடம் இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா வண்டிகளில் ஓட்டியவர்களே 500 பட்டத்தை வென்றுவந்தார்கள். அந்தச் சாம்ராஜ்யத்தை 1975இல் யமஹா உடைத்தது. 1976இல் ஐந்து வெற்றிகளோடு ஷீனும் சுசுகியும் பட்டத்தை எடுத்தார்கள். ஜூலையில் ஸ்வீடனில் பட்டம் உறுதியானது. மீதி மூன்று பந்தயங்களுக்கு அவர் போகவே இல்லை! பட்டம் கையில் வந்த பிறகு வீணாக ஏன் ஒரு தொடை எலும்பைப் பணயம் வைக்க வேண்டும்? ரசிகனுக்கு இது கசக்கும். ஆனால் ஒரு கொத்தனார் சாரத்தின் மேல் தேவையில்லாமல் நடக்க மாட்டார்.

1977இல் ஆறு வெற்றிகள், இரண்டாவது பட்டம். அந்த வருடத்தின் இரண்டு நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று மே 1, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ரிங். 350 வகுப்புப் பந்தயத்தில் பலர் மோதி விழுந்து, ஸ்விட்சர்லாந்தின் ஹான்ஸ் ஸ்டாடல்மான் இறந்தார். அடிபட்டவர்களுக்கு உதவி வந்துசேர்ந்த விதத்தைப் பார்த்துக் கொதித்துப்போன முன்னணி ஓட்டக்காரர்கள், அன்றைய 500 பந்தயத்தில் ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஷீன் அவர்களில் முக்கியமானவர். பந்தயம் நிற்கவில்லை, ஒப்புக்கொண்ட சிலரை வைத்து நடத்தினார்கள். ஆஸ்திரேலியர் ஜாக் ஃபிண்ட்லே வென்றார். மறுத்தவர்களுக்குப் புள்ளி இல்லை. வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி முழுவதும் பழக்கமானதாக இருக்கும்: மறுக்கிறவன், உள்ளே போகிறவன், கதவைத் திறந்துவைத்திருக்கிற முதலாளி.

மற்றது பெல்ஜியத்தின் ஸ்பா. பழைய ஸ்பா சுற்று 14 கிலோமீட்டர் நீளம், ஊர்ச் சாலைகளால் ஆனது, மரங்களும் வீடுகளும் ஓரத்தில். அங்கே ஷீன் மணிக்கு 217 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றார். அதைவிட வேகமான கிராண்ட் பிரி மோட்டார் சைக்கிள் பந்தயம் அதுவரை நடந்ததில்லை. இதைச் சுட்டிக்காட்டித்தான் டி.டி. ஆதரவாளர்கள், மேன் தீவு ஆபத்து, ஸ்பா மட்டும் பூந்தோட்டமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதில் ஷீன் முழுக்க ஒத்திசைவோடு நடந்தார் என்று என்னால் வக்காலத்து வாங்க முடியாது. ஸ்பாவில் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள், சுற்றும் மனத்தில் பிடிபடும் நீளம், என்பதைச் சொல்லலாம். அவரவர் அச்சத்துக்கு அவரவர் கணக்கு. அந்தக் கணக்கைப் போட ஓட்டுபவனுக்கு உரிமை உண்டு என்பதைத் தவிர வேறு கொள்கை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

1978இல் கலிஃபோர்னியாவிலிருந்து கென்னி ராபர்ட்ஸ் வந்தார். மண் தரையில் பழகியவர். பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வண்டியை அந்த வழுக்கலாலேயே திருப்பும் வித்தையைத் தார்த் தரைக்குக் கொண்டுவந்தார். பட்டம் அவருக்குப் போயிற்று, ஷீன் இரண்டாமிடம். 1979 சில்வர்ஸ்டோன் பந்தயத்தை இன்றும் பழைய ரசிகர்கள் ஒவ்வொரு சுற்றாகச் சொல்வார்கள். முன்னும் பின்னுமாக மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு விநாடியின் நூற்றில் மூன்று பங்கில் ராபர்ட்ஸ் வென்றார். நடுவில் ஷீன், பின்னால் வந்த ராபர்ட்ஸுக்குத் தெரியும்படி முதுகுப் பக்கம் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார். அதன் பொருளை லண்டனில் கார் ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓடுதளத்தில் இப்படி, வெளியே அதே இருவரும் ஒரே பக்கம். 1979 இறுதியில் ராபர்ட்ஸும் ஷீனும் மற்ற முன்னணி ஓட்டக்காரர்களும் சேர்ந்து, சொந்தமாக ஒரு உலகத் தொடர் நடத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஓடுதளங்கள் கிடைக்காமல் அது நடக்கவில்லை. ஆனால் மிரட்டல் பலித்தது. சர்வதேசச் சம்மேளனம் பரிசுப் பணத்தை உயர்த்தியது.

பிறகு இறங்குமுகம். சுசுகியை விட்டு யமஹாவுக்குப் போனார், முதலில் தொழிற்சாலையின் முழு ஆதரவு இல்லாமல். 1981இல் ஸ்வீடனில் ஒரு வெற்றி. அதுவே கடைசி. ராஜ வகுப்பில் அடுத்த பிரிட்டிஷ் வெற்றிக்கு 2016இல் கேல் கிரட்ச்லோ வரும்வரை முப்பத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1982 சில்வர்ஸ்டோன். பந்தயத்துக்கு முந்திய பயிற்சி. வெவ்வேறு வகுப்பு வண்டிகள், வெவ்வேறு வேகத்தில், ஒரே நேரத்தில் தளத்தில் இருந்தன. யாரோ விழுந்து, ஒரு வண்டி தளத்தின் குறுக்கே கிடந்தது. மேட்டைத் தாண்டி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்த ஷீன் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. இரண்டு கால்களும் முழங்காலைச் சுற்றி நொறுங்கின, மணிக்கட்டும் உடைந்தது. நார்தாம்ப்டன் மருத்துவமனையில் நைஜல் கோப் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தகடுகளும் இருபதுக்கு மேற்பட்ட திருகாணிகளும் வைத்துக் கால்களைக் கட்டியெழுப்பினார். அந்த எக்ஸ்ரே படம் பத்திரிகைகளில் வந்தது. இரும்புக் கடைப் பட்டியல்போல இருக்கும். மேன் தீவு வேண்டாம் என்றவர் தேடிப்போன பாதுகாப்பான இடம்தான் சில்வர்ஸ்டோன் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே குறுக்கே எது கிடக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

1983இல் திரும்பி வந்தார். 1984இல் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில், கொட்டும் மழையில், மூன்றாமிடம் பிடித்தார். அந்த வருடத்தோடு முடித்துக்கொண்டார். வயது 34. உலகச் சாம்பியன் போட்டிகளில் 23 வெற்றிகள். அவற்றில் 19, 500 வகுப்பில். மற்றத் தொழில்களில் அந்த வயதில்தான் ஒருவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும்.

இது நம் ஊரில் ஏன் ஒரு தொழிலாகவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க்கால விமான ஓடுபாதை ஒன்றில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. பெரும் கூட்டம் கூடும். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. அங்கே பழகிய சென்னைப் பையன் சரத் குமார் 2011இல் 125 சிசி உலகப் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். வேகத்துக்கோ ஆசைக்கோ குறைவில்லை. சம்பளம் தரும் அணிகளும், மகன் முழு நேரமும் இதையே செய்யட்டும் என்று பட்டறையைத் திறந்துவிடும் ஃபிராங்க் ஷீன்களும்தான் குறைவு. 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியில் ஓட்டிய பெங்களூரைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். வயது பதின்மூன்று. அந்த வாரப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். சால்ஸ்பர்க்ரிங்கில் வளர்ந்த ஆண்கள் கூடிப் பேசி ஓட்ட மாட்டோம் என்று சொல்ல முடிந்தது. பதின்மூன்று வயதில் யார் அதைச் சொல்வார்கள், யாருக்காகச் சொல்வார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

ஷீன் 1987இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். லண்டன் குளிர் அவருடைய உலோகம் பாய்ந்த மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜனவரி மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் நம்மில் யாரும் இதைக் குறை சொல்ல மாட்டோம். அங்கே தொலைக்காட்சி வர்ணனையாளராகி இரண்டாவது புகழையும் சம்பாதித்தார்.

2002 ஜூலையில் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் புற்றுநோய் என்று தெரிந்தது. தலைக்கவசத்து ஓட்டை வழியாகப் புகைத்தவர். கீமோதெரபி வேண்டாம் என்று மறுத்து, உணவுக் கட்டுப்பாடு, சாறு என்று மாற்று வழிகளை நாடினார். அவர் வாழ்க்கையில் சொன்ன 'வேண்டாம்'களில் இந்த ஒன்றோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சிகிச்சை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்ல. ஆனாலும், திருகாணி வைத்த மருத்துவரை நம்பி இரண்டு கால்களையும் திரும்பப் பெற்ற மனிதர், இதில் மட்டும் ஏன் நம்பவில்லை?

அந்த செப்டம்பரில், நோயோடு, இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்துக்கு வந்தார். பழைய வண்டிகளுக்கான திருவிழா அது. அவர் ஓட்டியது மேங்க்ஸ் நார்ட்டன், அப்பாவின் காலத்து வண்டி. வென்றார். ஆறு மாதத்தில், 2003 மார்ச் 10ஆம் தேதி, ஐம்பத்திரண்டு வயதில் குவீன்ஸ்லாந்தில் இறந்தார்.

லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறி ஸ்வான்லியில் இறங்கினால் அங்கிருந்து பிராண்ட்ஸ் ஹாட்ச் சில மைல்தான். 1968இல் புல்டாக்கோ அவரைத் தூக்கி எறிந்த அதே ஓடுதளம். மரங்களுக்கு நடுவே போகும் அதன் நீண்ட சுற்றில் ஒரு வளைவு இருக்கிறது. அதற்கு இப்போது ஷீன் வளைவு என்று பெயர்.